ஈரல் மீண்டும் வளர்வது எதனால்?

கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் எஞ்சிய பகுதி சில மாதங்களில் ஏறத்தாழப் பழைய எடைக்கு வளர்ந்துவிடும். எலிகளில் இதை ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் இருவரும் 1931இல் அளந்து காட்டினார்கள். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் ஈரல் மாற்று நடந்ததும் இந்தத் திறனை நம்பித்தான். தந்தையின் ஈரலில் ஒரு துண்டே பொருத்தப்பட்டது. இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று அது. அந்தக் குழந்தை இன்று மருத்துவர்.

இந்த வளர்ச்சிக்கு ஸ்டெம் செல்தான் காரணம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. மிஞ்சியிருக்கும் சாதாரண ஈரல் செல்களே பிளந்து பெருகுகின்றன. வெட்டிய மடல் மறுபடி முளைப்பதில்லை. இருக்கும் மடல் பருக்கிறது. ஈரலுக்குள் உள்ள குப்ஃபர் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தைச் சுரந்து தொடங்கிவைக்க, வளர்ச்சிக் காரணிகள் பிளவைத் தூண்டுகின்றன. உடலுக்கு வேண்டிய அளவு வந்ததும் பிளவு நின்றுவிடும்.

ஆண்டுக்கணக்கில் குடியாலோ கிருமியாலோ நைந்துபோய், ஈரல் செல்கள் பிளக்க முடியாமல் போகும்போதுதான் ஸ்டெம் செல் போன்ற முன்னோடிச் செல்களுக்கு வேலை வருகிறது. மிக நுண்ணிய பித்தக் குழாய்கள் தொடங்கும் ஹெரிங் கால்வாய்களில் அவை இருக்கின்றன. ஈரல் செல்களின் பிளவைத் தடுத்த எலிகளில், பித்தக்குழாய்ச் செல்களிலிருந்தே புதிய ஈரல் செல்கள் உருவானதை 2017இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதரிலும் இவை பெருகுவது திசுப் பரிசோதனையில் தெரியும். ஆனால் சிரோசிஸ் முற்றித் தழும்பேறிய ஈரலை மீட்க அந்தப் பெருக்கம் போதாது.

தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் மஞ்சள் காமாலை என்றால் வரப்போரக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். ஹெபடைடிஸ் ஏ கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியும். அங்கே குணமாக்குவது ஈரலின் சொந்தத் திறன். ஆனால் சேற்று வயலில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலியோடு கண் மஞ்சளித்தால் அது எலிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு உடனே ஆன்டிபயாடிக் வேண்டும். கீழாநெல்லியை நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

சிரோசிஸுக்கு ஸ்டெம் செல் ஊசி இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், ரத்த நோய்களுக்கான சிகிச்சை தவிர மற்றவற்றை ஆய்வுக்கு வெளியே, காசுக்குச் செய்வதை ஏற்கவில்லை. அந்த ஊசிக்காக யாரும் நிலத்தை அடகு வைக்க வேண்டாம். குடியை நிறுத்துங்கள், ஹெபடைடிஸ் பி, சி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.