நம் வாசலில் நிற்கும் எல்லைக் கோட்டைகள்

ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. பயணக் களைப்பு நீங்கியதும் அவர்களைத் தென்மும்பைக்கு அழைத்துச் செல்வோம். 1924இல் திறக்கப்பெற்ற இந்திய நுழைவாயிலைக் காட்டுவோம். 2004இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்தையும் காட்டுவோம். அவை காணத்தக்கவையே. ஆயினும் அவ்விரண்டினும் மூத்த கோட்டைகள் நம் வாசலிலேயே நிற்பதை எத்தனை பேர் அறிவோம்?

சென்ற ஞாயிறன்று சில குடும்பத்தாருடன் அவற்றைக் காணச் சென்றோம். முதலில் சயான் குன்றேறினோம். அங்குள்ள கோட்டை, 1669 முதல் 1677 வரை கவர்னராயிருந்த ஜெரால்ட் ஆஞ்சியர் காலத்தது. மேலிருந்து நோக்கின் தெற்கே மாட்டுங்கா, மேற்கே தாராவி, கிழக்கே செம்பூர் என நம்மவர் வாழிடங்கள் யாவும் விரிகின்றன. சயானை மராத்தியர் ‘சீவ்’ என்பர். எல்லை என்பது பொருள். ஆங்கிலேயரின் பம்பாய்த் தீவு இங்கே முடிந்தது. கழிக்கு அப்பாலிருந்த சாஷ்டித் தீவு போர்ச்சுகீசியருடையது.

பின்னர் தாராவிக்கு வந்தோம். ‘காலா கில்லா’ என்னும் பேருந்துப் பணிமனையின் பெயர் நமக்குப் பழக்கமானது. அப்பெயரைத் தந்த கருங்கோட்டையோ வீடுகளின் நெருக்கத்தில் மறைந்து நிற்கிறது. கவர்னர் ஜான் ஹார்ன் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டதென அதன் கல்வெட்டு கூறுகிறது. மராத்தியர் சாஷ்டியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றத் தொடங்கிய ஆண்டும் அதுவே. எதிர்க்கரையில் எழுந்த அவ்வலிமையை ஆங்கிலேயர் கவலையோடு நோக்கியிருப்பர்.

உடன் வந்த சிறுவன் ஒருவன், “தாத்தா, நம் குடும்பம் இங்கே வந்தது எந்த ஆண்டு?” என்று வினவினான். பெரியவர் சற்றுத் திகைத்தார். ஆண்டு அவருக்குத் தெரியவில்லை. ஆனால், தம் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த கதையை அங்கேயே நின்று சொன்னார். பேரன் அதுவரை அதைக் கேட்டதேயில்லை.

கவர்னருக்குக் கல்வெட்டு உண்டு. சதுப்பு நிலத்தைக் குடியிருப்பாக்கிய நம் முன்னோர்க்கு இல்லை. மறுசீரமைப்புத் திட்டத்தால் தாராவியின் சந்துகளும் உருமாறவிருக்கின்றன. ஆகவே அன்பர்களே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு வீட்டுப் பெரியவர்களையும் இக்கோட்டைகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் சொல்வதை அன்றிரவே ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள்.