ஒளிர எத்தனை சுற்று?

குற்றம் நடந்த இடத்தில் எடுத்த இரத்தக் கறையில் மனித டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது? அது யாருடையது என்று பார்ப்பதற்கு முன்பே தடயவியல் ஆய்வகம் இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். அடையாளச் சோதனைக்குப் பொதுவாக வேண்டியது ஒரு நானோகிராம். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஏறத்தாழ 150 உயிரணுக்களில் அவ்வளவு இருக்கும். 260 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பாய்ச்சி டி.என்.ஏ.வை அளப்பதுண்டு. ஆனால் அந்த ஒளிக்கு மனித டி.என்.ஏ.வும் கறையில் கலந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் ஒன்றுதான்.

பிசிஆர் அப்படியல்ல. 1983-இல் கேரி முல்லிஸ் கண்ட இந்த முறை, நாம் குறிவைக்கும் துண்டை மட்டும் பெருக்கும். சூடாக்கி ஆறவைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிக்கிறது. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். ஆனால் மூலப்பொருள்கள் தீரத் தீர வேகம் மட்டுப்பட்டு, எல்லாக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு சேர்ந்துவிடும். முடிவைப் பார்த்தால் தொடக்கம் தெரியாது.

பாலுக்கு உறை ஊற்றுபவர்களுக்கு இது புரியும். உறைமோர் கூடினால் சீக்கிரம் தோயும், குறைந்தால் நேரமாகும். விடிந்து பார்த்தால் இரண்டும் தயிர்தான். வேறுபாடு தோய்ந்த நேரத்தில் இருக்கிறது. 1992-இல் ரஸ்ஸல் ஹிகுச்சி குழுவினர் டி.என்.ஏ.வோடு சேர்ந்தால் ஒளிரும் சாயத்தைக் குழாயிலேயே கலந்து, பெருக்கத்தை நடக்கும்போதே கவனிக்க வழிசெய்தார்கள். குறித்த அளவு ஒளியை எட்ட எத்தனை சுற்று ஆனது என்பதே கணக்கு. ஒரு சுற்று முந்தினால் தொடக்கத்தில் இரு மடங்கு இருந்தது, 3.3 சுற்று முந்தினால் பத்து மடங்கு.

இந்தக் கணக்கு இரட்டிப்பை நம்பி நிற்கிறது. ஒரு மாதிரி சுற்றுக்கு 2 மடங்குக்குப் பதில் 1.9 மடங்கே பெருகினால், முப்பது சுற்றில் விடை நாலரை மடங்குக்கு மேல் குறைந்துவிடும். இரத்தத்தின் ஹீம், மண்ணின் ஹியூமிக் அமிலம் போன்றவை, துண்டைப் பெருக்கும் நொதியை முடக்கியும் கெடுக்கும். அதனால்தான் அளவு தெரிந்த டி.என்.ஏ.வைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, மாதிரியோடு கூடவே ஓட்டுகிறார்கள். மாதிரிக் குழாய்க்குள்ளும் தெரிந்த ஒரு துண்டைக் கலக்கிறார்கள். அது தாமதமானால் உள்ளே தடை இருக்கிறது என்று பொருள்.

இத்தனை கவனமும் வீணல்ல. டி.என்.ஏ. குறைவாகப் போட்டால் ஒருவரது அடையாளக் கூறுகளில் சில விட்டுப்போகும். அதிகமாகப் போட்டால் இல்லாத கூறுகள் இருப்பதுபோல் தலைகாட்டும். ஆள் யார் என்ற விடையின் நேர்மை, அதற்கு முன் நடக்கும் இந்த அளவீட்டிலேயே தொடங்குகிறது.