ஒன்பது வெற்றியும் ஓர் உறுதியும்

உடலுக்கு உரம் தருவது விளையாட்டு. உள்ளத்துக்குப் பண்பு தருவதும் அதுவே. தனி ஒருவரின் திறமையினும் குழுவின் ஒற்றுமையையே பெரிதும் வேண்டி நிற்கும் ஆட்டங்களுள் ஒன்று அமெரிக்கக் கால்பந்து. பெயர் கால்பந்து எனினும், அதில் கைகளுக்கே வேலை மிகுதி. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, தோழரிடம் எறிந்தோ எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடத்தல் வேண்டும். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை ஏந்தி ஓடுபவர் ஒருவர். எதிரிகளைத் தடுத்து அவருக்கு வழி அமைப்பவர் ஏனையோர்.

ஐக்கிய அமெரிக்க நாட்டுக் கல்லூரிகள் இவ்வாட்டத்தை இலையுதிர் காலத்தில் ஆடுகின்றன. பருவ முடிவில் சிறந்த அணிகள் புத்தாண்டை ஒட்டி நிகழும் சிறப்புப் போட்டிகளுக்கு அழைக்கப்பெறும். அவற்றுக்குக் கிண்ணப் போட்டிகள் என்று பெயர். பசடீனா நகரின் 'ரோஸ் பவுல்' அரங்கம் கிண்ணம் போன்று அமைந்திருத்தலின் இப்பெயர் வழங்கலாயிற்று. அவ்வழைப்பு புகழோடு பொருளும் தரவல்லது.

1951ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி, ஜோ குஹாரிச் என்னும் பயிற்சியாளரின் கீழ் ஒன்பது போட்டிகளில் ஆடி ஒன்பதிலும் வென்றது. நியூயார்க்கில் ஃபோர்டாம் பல்கலைக்கழக அணியை 32-26 என்ற கணக்கில் போராடி வென்றது. இறுதிப் போட்டியில் லயோலா அணியை 20-2 என்று எளிதில் வென்றது. இவ்வணியின் ஆலி மாட்சன் அப்பருவத்தில் பந்தை ஏந்தி ஓடிய தொலைவு 1,566 கெஜம். நாட்டிலேயே முதலிடம் அவருக்கே கிடைத்தது.

மாட்சனும், தடுப்பாட்டத்தில் வல்லவரான பர்ல் டோலரும் கறுப்பினத்தவர். அக்காலத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் பள்ளியிலும் விடுதியிலும் கறுப்பினத்தவரை ஒதுக்கி வைக்கும் கொடிய வழக்கம் நிலவியது. அவ்விருவரையும் விட்டுவிட்டு வருவதாயின் கிண்ணப் போட்டிக்கு அழைப்புக் கிடைக்கும் என்ற செய்தி அணியை எட்டியது. பல்கலைக்கழகமோ கால்பந்துச் செலவைத் தாங்க இயலாது தவித்துக் கொண்டிருந்தது. அழைப்பு வந்தால் பொருள் வரும். அணி பிழைக்கவும் கூடும். ஆயினும் வீரர்கள் தயங்கினாரல்லர். 'சென்றால் அனைவரும் செல்வோம். இன்றேல் ஒருவரும் செல்லோம்' என்பதே அவர்தம் முடிவாயிற்று. அழைப்பு வரவில்லை. பருவம் முடிந்ததும் பல்கலைக்கழகம் அவ்வணியையே கலைத்துவிட்டது.

அணி கலைந்தது, வீரர்களின் உயர்வு தடைப்படவில்லை. மாட்சன் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓட்டப் பந்தயங்களில் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். அவரும், ஜினோ மார்செட்டி, பாப் செயின்ட் கிளேர் ஆகிய அவர் தோழர் இருவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க் கூடத்தில் இடம் பெற்றனர். முழங்காலில் காயமுற்ற டோலர் களத்தில் தொடர்ந்து ஆட இயலாது போயிற்று. எனினும் 1965ஆம் ஆண்டில் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முதல் கறுப்பின நடுவரானார். 2006ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் அவ்வணியினர்க்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிப் பெருமை செய்தது.

பந்தை ஏந்திய தோழருக்காகத் தாம் முன்னின்று தடுத்தல் இவ்வாட்டத்தின் முறை. களத்தில் ஒன்பது முறை அதனைச் செய்தோர் பலர் இருக்கலாம். களத்துக்கு வெளியேயும், தமக்கு இழப்பு நேரும் என்று அறிந்த பின்னும், அதனையே செய்தமையால் அன்றோ அவ்வணியின் பெயர் இன்றும் நிலைத்து நிற்கிறது!