வானத்தில் இடைவெளி

விரிந்து பரந்த ஆகாயத்தில் இரண்டு விமானங்கள் மோதிக்கொள்வது எங்ஙனம் என்று வினவுவோர் உளர். நடுக்கடலின் மேலே பறக்கும் விமானத்தைப் பற்றியதாயின் அவ்வினா பொருத்தமானதே. ஆனால், விமான நிலையத்தை நெருங்குந்தோறும் ஆகாயம் சுருங்கிவிடுகின்றது. பல திசைகளிலிருந்தும் வருவன யாவும், திருவிழாக் கூட்டம் கோபுர வாசலில் நெருங்குவது போல, ஒரே ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்து வருகின்றன.

இந்த நெருக்கத்தில் மோதலைத் தவிர்க்க இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. தரையிலுள்ள கட்டுப்பாட்டு அதிகாரி றேடார்த் திரையை நோக்கி இடைவெளி வகுத்துக் கொடுப்பது ஒன்று. சாதாரணமாக அது பக்கவாட்டில் 3 கடல் மைல், அன்றேல் உயரத்தில் 1000 அடி. மற்றையது, விமானி அடுத்த விமானத்தைத் தம் கண்ணாற் கண்டு, தாமே விலகிச் செல்வது. “கண்டோம்” என்று அவர் அறிவித்து, அதிகாரியும் அதனை ஏற்றுக்கொண்டால், இடைவெளி காக்கும் பொறுப்பு விமானியின் கைக்கு மாறிவிடுகின்றது. இவ்வழியிலே பல விமானங்களை விரைவாக இறக்கலாம். ஆயினும் அந்த ஒரு சொல்லின்மீது எத்துணைப் பாரம் ஏற்றப்படுகின்றது!

1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் காலை, கலிபோர்னியாவிலுள்ள சன் டியாகோ நகரின் விமான நிலையத்தை நோக்கி, 135 பேரைச் சுமந்த போயிங் 727 விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. வானம் தெளிவாக இருந்தது. அதே நிலையத்தில் இறங்கப் பழகிவிட்டு, செஸ்னா 172 என்னும் சிறு விமானம் இருவருடன் மேலெழும்பிச் சென்றது. செஸ்னாவைப் பற்றி அதிகாரி எச்சரித்தபோது, கண்டோம் என்று போயிங் விமானிகள் விடையிறுத்தனர். கண்ணால் இடைவெளி காக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். சற்று நேரத்தில் அது பார்வையினின்று மறைந்தது. சிறிது முன்னர் அது அங்கே இருந்தது என்றும், வலப்புறமாகக் கடந்து போயிருக்கும் என்று நினைப்பதாகவும் விமானி கோபுரத்துக்குச் சொன்னார். கோபுரத்திலிருந்தவரோ, அது கடந்து போகின்றது என்று கூறியதாகவே விளங்கிக்கொண்டார். போயிற்று என்பதற்கும் போகின்றது என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு பிள்ளைகளும் அறிவர். அன்று அவ்வேறுபாடு உயிர்களின் விலையாயிற்று. ஏனெனில், போகின்றது என்றால் விமானி அதனை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கின்றார் என்பது பொருள்.

செஸ்னாவும் தனக்குப் பணிக்கப்பட்ட திசையைவிட்டு ஏறத்தாழ 20 பாகை திரும்பி, போயிங்கின் பாதைக்குள் வந்திருந்தது. மோதலுக்கு 19 வினாடிகளுக்கு முன்னர் றேடார் நிலையத்தில் ஆபத்து மணி ஒலித்தது. விமானிகள்தாம் கண்டுவிட்டனரே என்று அங்கிருந்தோர் அமைந்திருந்தனர். சுமார் 2600 அடி உயரத்தில், முன்னே சென்ற செஸ்னாவின் மீது போயிங் பின்னாலிருந்து மோதியது. தரையில் இறந்த 7 பேர் உட்பட 144 பேர் மாண்டனர். பார்வை தவறியதை விமானிகள் தெளிவாக அறிவிக்காமையை விசாரணைச் சபை குற்றமாகக் கண்டது. றேடாரால் இடைவெளி வகுக்கக்கூடிய இடத்தில் அப்பொறுப்பைக் கண்ணிடம் விட்ட முறையையும் அது கண்டித்தது.

தெளிந்த வானத்திலும் கண் ஏன் ஏமாறுகின்றது? அசைவதையே கண் எளிதிற் பற்றிக்கொள்ளும். இரு வீதிகள் கூடும் சந்தியை நோக்கி விரையும் வண்டிகளைக் கருதுக. மற்றைய வண்டி யன்னலில் முன்னோ பின்னோ நகர்ந்தால் மோதல் இல்லை. நகராமல் ஒரே இடத்தில் நின்றால்தான் ஆபத்து. ஆகாயத்திலும் அதுவே நியதி. மோத வரும் விமானம் கண்ணாடியில் அசையாத புள்ளியாக நின்று, கடைசிச் சில வினாடிகளிலேதான் பெருக்கும். கீழே நகரத்துக் கூரைகள் பரந்திருந்தால் அப்புள்ளியும் மறைந்துபோம். ஒன்றைக் கண்டு, ஆபத்தென உணர்ந்து, விமானத்தைத் திருப்பி முடிக்க 12.5 வினாடிகள் வேண்டும் என்பது அமெரிக்க விமானத்துறை விமானிகளுக்குக் கூறும் கணக்கு.

இக்குறையை நிரப்ப வந்ததே மோதல் தவிர்ப்புக் கருவி. அது அயலிலுள்ள விமானங்களை வானொலி அலைகளால் வினாவி, மறுமொழியிலிருந்து தூரத்தையும் உயரத்தையும் அறிகின்றது. முதலில் எச்சரிக்கும். ஆபத்து முற்றினால் ஏறுக, அல்லது இறங்குக என்று கட்டளையிடும். இரு விமானங்களிலும் இக்கருவி இருந்தால், ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் தமக்குள்ளே தீர்மானித்துக்கொள்ளும். 1986இல் லொஸ் ஏஞ்சலிஸை அடுத்த செரிற்றோஸில் நேர்ந்த மோதலின் பின்னர், அமெரிக்காவில் பெரிய பிரயாணிகள் விமானங்களுக்கு இது சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், தரைக்கு 1000 அடியளவுக்குக் கீழே அது கட்டளையிடுவதில்லை. அங்கே இறங்குக என்பது தரையில் மோதுக என்பதாகிவிடுமன்றோ!

2025 ஜனவரி 29ஆம் நாள் இரவு வாஷிங்டன் நகரில் நிகழ்ந்தது அந்த உயரத்திலேதான். 64 பேருடன் இறங்கிய விமானத்தைக் கண்டதாக இராணுவ ஹெலிகொப்டரிலிருந்தோர் கூறி, கண்ணால் இடைவெளி காக்க அனுமதி பெற்றனர். விமானத்திலிருந்த கருவி சுமார் 20 வினாடிகளுக்கு முன்னர் எச்சரித்தது, கட்டளையிடவில்லை. சுமார் 300 அடி உயரத்தில் இரண்டும் மோதின. ஹெலிகொப்டரிலிருந்த மூவருடன் 67 பேரும் இறந்தனர். அங்கே ஹெலிகொப்டர்ப் பாதைக்கும் அதன் மேலே செல்லும் இறங்குபாதைக்கும் இடைவெளி 75 அடியளவுக்குக் குறுகக்கூடும் என்பது பின்னர் வெளிப்பட்டது. மார்ச் மாதத்தில் ஹெலிகொப்டர்ப் பாதையின் அப்பகுதி நிரந்தரமாக மூடப்பட்டது.