ஆரம்பாக்கம் தாண்டினா மோட் மாறும்!

2024-ல் ஒரே ரம்மி ஆப்தான். கும்மிடிப்பூண்டியில் பணம் கட்டி ஆடலாம். ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவின் தடாவுக்குள் போனால் ஃப்ரீ கேம் மட்டும்தான். ஏன்னா, ஆந்திரா 2020-லேயே தடை போட்டிருந்தது.

இது எப்படி நடக்குது? ஆப் நம்ம லொகேஷனை சர்வருக்கு அனுப்பும். எந்த மாநிலத்துக்கு எந்த மோட்னு அங்கே ஒரு பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து பட்டனைக் காட்டும், இல்லைன்னா மறைக்கும்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு, இரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்கு லாகின் கூடாதுன்னு விதி போட்டது. நைட் ஷிஃப்ட் பிரேக்கில் சம்பளத்தைத் தொலைக்கிறவங்களுக்கு அந்த அஞ்சு மணி நேரம் பெரிய விஷயம். ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் நாடு முழுக்க பண ஆட்டத்தையே தடை செய்தது.

கோட் எழுதப்போற நமக்கு ஒரே பாடம்: லொகேஷன் தெரியலைன்னா, பண மோட் ஆஃப்லதான் இருக்கணும்.