பியரோடு போவது ஈயம் அல்ல

ஈயத்தோடு புழங்கும் பாசிர் கூடாங் பட்டறைகளில் வருடாந்தர ரத்தப் பரிசோதனை நெருங்குகிறது. பெர்மாஸ் ஜெயா வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான்: பியர் குடித்தால் உடம்பில் சேர்ந்த ஈயம் சிறுநீரோடு போய்விடுமா?

போகாது. கூடுதலாகப் போவது தண்ணீர். ரத்தத்திலுள்ள ஈயம் அநேகமாக முழுவதும் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. உடம்பிலுள்ள ஈயத்தின் பெரும்பங்கோ எலும்பில்.

என்னைக் கலங்கவைப்பது வேறு. தொடர்ந்து குடிப்பவரின் சிறுநீரில் ஓர் உலோகம் அளவுக்கு மீறி வெளியேறத்தான் செய்கிறது: நமக்குத் தேவையான துத்தநாகம். ரத்தத்தின் சிவப்புப் பொருள் உருவாக உதவும் நொதி ஒன்று துத்தநாகத்தை வைத்தே இயங்குகிறது. ஈயம் அந்த இடத்தைப் பறித்து நொதியை முடக்குகிறது. இன்னொரு நச்சு உலோகமான காட்மியத்தைக் கட்டிவைக்கும் புரதத்தை உடல் தயாரிக்கத் தூண்டுவதும் துத்தநாகமே. ஆக, காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுத் திருடனை உள்ளே வைத்துக்கொள்கிறது குடி. உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் குளூட்டாதயோனும் மதுவைச் சமாளிப்பதிலேயே கல்லீரலில் குறைந்துவிடுகிறது. சாப்பாட்டைக் குறைத்துக் குடித்தால் இரும்பும் கால்சியமும் குறையும். அப்போது குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

மதுவும் உலோகமும் சேர்ந்து உயிரைப் பறித்ததும் உண்டு. கனடாவின் கியூபெக்கில் 1965-66இல் நுரை நிற்பதற்காக பியரில் கோபால்ட் உப்பைச் சேர்த்தார்கள். மிதமிஞ்சிக் குடித்தவர்களின் இதயம் செயலிழந்து சுமார் 20 பேர் இறந்தனர். அதைவிட அதிகக் கோபால்ட்டை ரத்தசோகைக்கு மருந்தாக உட்கொண்டவர்களுக்கு அப்படி நேரவில்லை. மதுவும் சத்துக்குறைவும் சேர்ந்தபோது சிறிய அளவே உயிரைப் பறித்தது.

பரிசோதனைத் தாளில் ‘வரம்புக்குள்’ என்றிருந்தால், உங்களைத் தொடர்ந்து வேலையில் வைக்கலாம் என்று பொருள். உடம்பு பத்திரம் என்று பொருளல்ல. உணவுவழி ஈயத்துக்கு வகுத்திருந்த வாராந்தர வரம்பை, பாதுகாப்பானதென்று சொல்ல முடியாததால், ஐ.நா. நிபுணர் குழுவே 2010இல் விலக்கிக்கொண்டது. தாளிலுள்ள எண் நீங்கள் குடிப்பவரா என்று கேட்பதுமில்லை.

ஒரு வாரம் குடிக்காமலிருந்தால் எண் இறங்குமா? ஈயத்தைத் தொடாமலே இருந்தாலும் பாதியாகச் சுமார் ஒரு மாதம் ஆகும். பழைய தொழிலாளிக்கு அதற்கும் மேல்.

சம்சு சாராயம்? ஈயப் பற்றவைப்புள்ள பாத்திரத்தில் வடித்தால் சாராயத்திலேயே ஈயம் இறங்கும்.

கூப்பாங் சிப்பி? அதிலுள்ள காட்மியம் வேகவைப்பதால் அழியாது.

2019 சுங்கை கிம் கிம் ஆற்று ரசாயனக் கழிவு? அங்கே மூச்சுத்திணற வைத்தவை ஆவியாகும் வேதிப்பொருள்கள். உலோக நச்சு வேறு.

குடிப்பதை டாக்டரிடம் சொல்லலாமா? சொல்லுங்கள், செய்யும் வேலையையும் சேர்த்து. குடியை மட்டும் பார்த்தால் கணிப்பு தவறலாம்: 1900இல் மான்செஸ்டர் பியரில் ஆர்செனிக் கலந்திருந்தது. கைகால் மரத்துப்போனவர்களுக்குக் குடியால் வந்த நரம்புக் கோளாறு என்றே முதலில் கணித்தார்கள்.