கல்வெட்டு நில அளவுகளும் தரவுத்தளப் பின்னங்களும்

தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் கல்வெட்டுகள், ஊர்நத்தம், குளம், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களை நீக்கி, எஞ்சிய விளைநிலத்தை வேலி, மா, காணி, முந்திரி எனப் பகுத்துக் குறிக்கின்றன. காணி என்பது வேலியில் 1/80 (0.0125), முந்திரி 1/320 (0.003125). இவற்றை இரு பதின்ம இடங்களே உள்ள தரவுத்தளப் புலத்தில் இட்டால் காணி 0.01 ஆகும், முந்திரியோ சுழியமாகிவிடும். நான்கு காணி ஒரு மா (0.05) என்னும் வாய்பாடே 0.04 எனப் பொய்க்கும். கூட்டுத்தொகை ஒவ்வாதபோது ஆய்வாளர் அப்பிழையைக் கல்வெட்டியவன் மேல் ஏற்ற நேரும்.

மிதவைப்புள்ளி வகையும் தீர்வன்று. இரும முறையில் அது 0.05-ஐக்கூடத் தோராயமாகவே வைக்கும். 'டெசிமல்' வகையில் முந்திரிக்கு 6 இடங்களும், அதன் 1/320 பங்காகிய கீழ்முந்திரிக்கு 12 இடங்களும் வேண்டும். இதனினும் எளிது, கீழ்முந்திரியையே அலகாகக் கொண்டு ஒரு வேலியை 1,02,400 என முழு எண்ணாகச் சேமித்தல். கீழ்க்கீழ் வரை இறங்கும் பதிவுகளுக்கு அவ்வலகை மீண்டும் 320-ஆல் வகுக்கவேண்டும்.